நர்ஸம்மாவின் முழங்கால்

பங்குனி நாலாம் தேதி காலை பத்தே முக்கால் மணிக்கு, சட்டசபையில் கேள்வி நேரத்தில் எழுந்து நின்ற எங்கள் நெடுங்கிணறு எம்.எல்.ஏ. பவளக்கொடிக்கு, அதற்கப்புறம் உட்கார முடியாமல் போய்விட்டது. முழங்கால் மடங்கவில்லை, அவ்வளவுதான் விஷயம். வலி கிடையாது, வீக்கம் கிடையாது, நடக்கும்போது மடங்கும், படி ஏறும்போது மடங்கும், நாற்காலியையோ கட்டிலையோ கண்டால் மட்டும் இரண்டு முழங்காலும் பேசி வைத்துக்கொண்ட மாதிரி மாட்டேன் என்று நின்றுவிடும். யாரோ சொல்லக் கேட்டு நான் இதைச் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்வியை டைப் அடித்துக் கொடுத்தவளே நான்தான். தாலுகா ஆபீஸுக்கு எதிரே மனு எழுதிக் கொடுக்கிற கடை வைத்திருக்கிற உலகம்மாள் என்றால் நெடுங்கிணற்றில் தெரியாத ஆள் இல்லை. வாய்க்காரி என்றும் சொல்வார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

கேள்வி ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு இருக்கிறது, ஆபரேஷன் தியேட்டர் இருக்கிறது, அதில் பெரிய விளக்கு இருக்கிறது, ஆபரேஷன் பண்ணுகிற டாக்டரம்மா இருக்கிறார், மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் மட்டும் ஆறு வருஷமாக இல்லை. அவர் இல்லாமல் யார் வயிற்றில் கத்தி வைப்பது? சிக்கலான பிரசவம் என்றால் ஆம்புலன்ஸில் ஏற்றி அறுபத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், நடுவில் இரண்டு ரயில்வே கேட், ஒரு கணவாய், அந்தக் கணவாயில் எந்நேரமும் ஒரு லாரி பழுதாகி நிற்கும். ஆறு வருஷத்தில் நாலு பெண்கள் அந்த வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள். பவளக்கொடி எம்.எல்.ஏ. ஆவதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு நர்ஸாக இருந்தவர், அந்த நாலு பேருக்கும் மாசா மாசம் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சத்து மாத்திரை கொடுத்தவர். இடைத்தேர்தலில் ஜெயித்து ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஆன பிறகும் எங்களுக்கு அவர் நர்ஸம்மாதான்.

எனக்கு இதில் சொந்தக் காரியமும் உண்டு. என் தங்கை செண்பகவல்லிக்கு அப்போது எட்டு மாதம். முதல் பிள்ளை ஆபரேஷன், இரண்டாவதும் ஆபரேஷன்தான், வலி வந்தபின் அலையவிட்டால் ஆபத்து என்று டாக்டரம்மா சீட்டில் சிவப்பு மையால் எழுதி, சித்திரை பத்துக்குள் என்று தேதியும் போட்டுவிட்டார். அவள் புருஷன் வெளிநாட்டில் கொத்தவேலை பார்க்கிறான். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, தலை சீவிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பியதிலிருந்து எல்லாம் நான்தான்.

கேள்வியை டைப் அடித்தபோது நான் ஒரு பிசகு செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். நர்ஸம்மா என் கடைக்கு வந்து, "மயக்க மருந்து டாக்டர் எங்க இருக்காருன்னு கேளுட்டி" என்றார். எனக்கோ இருபது வருஷமாக மனு எழுதி எழுதிக் கை ஆபீஸ் பாஷைக்குப் பழகிப் போயிற்று, நான் பாட்டுக்கு "நெடுங்கிணறு அரசு மருத்துவமனையில் மயக்கவியல் மருத்துவர் பணியிடம் நிரப்பப்பட்டுள்ளதா?" என்று அடித்துவிட்டேன். அடித்துவிட்டுப் பெருமை வேறு. பணியிடம் காகிதத்தில் நிரம்பித்தான் இருந்தது. இரண்டரை வருஷத்துக்கு முன்னால் தங்கையா என்கிற டாக்டரைப் போட்டார்கள், அவர் வந்தார், ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார், மூன்றாம் நாள் மாற்றுப்பணி என்று பூவணக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனவர் போனவர்தான். சம்பளம் இங்கே, ஆள் அங்கே. பூவணக்கோட்டை சுகாதார அமைச்சர் திருமலைக்கொழுந்துவின் சொந்தத் தொகுதி. டீக்கடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் இது தெரியும், ஆனால் உத்தரவு வாய்மொழியாகப் போனது, காகிதம் கிடையாது, காகிதம் இல்லாத உத்தரவை அமைச்சர் வாயால் ஒப்புக்கொண்டாலொழிய உலகத்தில் யாரும் நிரூபிக்க முடியாது.

ஆக அமைச்சர் எழுந்து, துறையிலிருந்து எழுதிக் கொடுத்த துண்டுத்தாளைப் பார்த்து, "பணியிடம் நிரப்பப்பட்டுள்ளது" என்று வாசித்துவிட்டு உட்கார்ந்தார். என் பிசகு எப்படி வேலை செய்தது பார்த்தீர்களா? நர்ஸம்மா எழுந்து துணைக் கேள்வி கேட்டார்.

"அந்த டாக்டர் எங்க இருக்கார்?"

"மருத்துவர் பணியில் உள்ளார்."

"எந்த ஊர்ல?"

"உறுப்பினரின் அக்கறையை அரசு கவனத்தில் கொள்ளும்."

மேசையைத் தட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று கேட்காதீர்கள், அமைச்சர் உட்கார்ந்தால் தட்டுவது அங்கே வழக்கம். சபாநாயகர் வழக்கம்போல, "உட்காருங்கம்மா" என்றார். நர்ஸம்மாவும் உட்காரத்தான் பார்த்தார். முடியவில்லை. அடுத்த கேள்விக்குப் போனார்கள், அதற்கடுத்த கேள்விக்குப் போனார்கள், பூஜ்ய நேரம் வந்தது, மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது, அவர் அப்படியே நின்றார்.

அந்த வாரம் சபைக்கு விடுமுறை விட்டதும், காரில் உட்கார முடியாதவர் என்பதால், ஒரு குட்டியானை வண்டியின் பின்தட்டில் நின்றபடியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒன்பது மணி நேரம் வெயிலில் காய்ந்து ஊர் வந்து சேர்ந்தார். நாங்கள் எல்லையில் போய் நின்றோம். ஒருத்தராவது, ஐயோ இதென்ன அதிசயம் என்று வாயைப் பிளக்க வேண்டுமே, கிடையாது. "சாப்பிட்டீங்களா நர்ஸம்மா?" என்றார்கள். "கால் மடங்கலையாமே, டி.வி.யில சொன்னான்" என்றார்கள். "மோர் குடிங்க" என்றார்கள். அப்புறம் ஆளுக்கு ஒரு வேலையாகப் பிரிந்து போனார்கள். ஆசாரி ஒருவர் சாய்ந்தபடி தூங்குவதற்கு ஒரு பலகை செய்து, சறுக்காமல் இருக்கக் கீழே படி வைத்து, இடுப்புக்கு ஒரு வார் கட்டிக் கொடுத்தார். வர்ம வைத்தியர் வந்து இரண்டு முட்டியையும் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்தார், எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார், இரண்டு பேரும் ஜென்மத்தில் முதல் தடவையாக ஒரே அபிப்பிராயம் சொன்னார்கள், முட்டியில் ஒரு கோளாறும் இல்லை, பதில் வந்தால் மடங்கும் என்று. மற்றச் சங்கதிகளுக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள், பொம்பளைகள் நாங்கள் எப்படியோ ஏற்பாடு செய்தோம், அதெல்லாம் உங்களுக்கு எதற்கு.

நிற்கிறவர் முன்னால் உட்கார்ந்து பேசுவது எப்படி? அங்கேதான் ஊர் மாற ஆரம்பித்தது. மனு கொடுக்க வந்தவர்கள் நின்றபடியே கொடுத்தார்கள், அதனால் எம்.எல்.ஏ. ஆபீஸிலிருந்து நாற்காலிகள் கொல்லைப் பக்கம் போயின. அவர் யூனியன் ஆபீஸுக்குப் போனார், அங்கேயும் நாற்காலி போயிற்று. தாசில்தார் இரண்டு நாள் வீம்பாக உட்கார்ந்து பார்த்தார், மூன்றாம் நாள் நாற்காலி சுடுகிறது என்று அவரும் எழுந்தார், எழுந்தவருக்குக் கால் கடுத்தது, கால் கடுத்ததால் கையெழுத்துச் சீக்கிரம் விழுந்தது, வருஷக்கணக்கில் தூங்கிய பட்டா ஒரே வாரத்தில் வீடு வந்து சேர்ந்தது. ஒரு கல்யாண வீட்டுக்கு நர்ஸம்மா போனபோது பந்தியில் இருந்த நூற்றிருபது பேரும் இலையைக் கையில் ஏந்திக்கொண்டு எழுந்து நின்று சாப்பிட்டார்கள், ரசம் முழங்கை வழியே ஓடியது, மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள், போகட்டும் என்று பெண் வீட்டார் விட்டுவிட்டார்கள்.

பஸ்ஸில் சீட்டு காலியாகக் கிடக்க ஜனங்கள் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்கள். சலூனில் நின்றபடி முடி வெட்டினார்கள், பள்ளிக்கூடத்தில் நின்றபடி வாய்ப்பாடு சொன்னார்கள், சாவு வீட்டில்கூட நின்றபடிதான் ஒப்பாரி. ஊருக்கே இருப்புக் கொள்ளவில்லை. எந்நேரமும் யாராவது எங்காவது நடந்துகொண்டே இருந்தார்கள், எங்கே போகிறீர்கள் என்றால் தெரியாது, சும்மா என்பார்கள், காலையில் பார்த்தவரை மதியம் மறுபடி பார்த்தால் அவர் இன்னும் அதே தெருவில் திரும்பி வந்துகொண்டிருப்பார்.

வாடகைக்கு நாற்காலி விடுகிற மைதீன் பிச்சை மட்டும் சண்டைக்கு வந்தார். "நர்ஸம்மா, உங்க பக்கம் நியாயம் இருக்கு, நான் இல்லைன்னு சொல்லல. எஞ்சேரெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு? அடுக்குனது அடுக்குனபடி கெடக்குது. முஹூர்த்த மாசம் பாத்தா இந்தக் கேள்வியக் கேப்பீங்க?"

"பாய், நாப்பது சேரு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. வயித்துப்பிள்ளைக்காரிக வெயில்ல நிக்காக. அவங்க உக்காரணும்."

"அவங்க மட்டும் உக்காரலாமா?"

"அவங்க உக்காரத்தானே நான் நிக்கேன்."

பாய் தலையைச் சொறிந்துகொண்டே போய் அறுபது அனுப்பினார். என் தங்கை அதில் ஒன்றில் உட்கார்ந்து, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செவ்வாயும் டாக்டரம்மாவுக்காகக் காத்திருந்தாள்.

சபையில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும். அங்கே ஒரு வழக்கம் உண்டு, சபாநாயகர் எழுந்து நின்றால் மற்ற எல்லோரும் உட்கார்ந்தாக வேண்டும், முதலமைச்சரே பேசிக்கொண்டிருந்தாலும் சரி. எங்கள் சபாநாயகர் எழுபது தாண்டியவர், வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு, கூச்சல் வந்தால் பேச்சே இல்லாமல் மெதுவாக எழுந்து நிற்பார், சபை அடங்கிவிடும். பங்குனி நாலுக்கப்புறம் அவர் எழுந்திருக்கவே இல்லை. எழுந்தால் நர்ஸம்மா உட்கார வேண்டும், அவரால் முடியாது, முடியாவிட்டால் சபை அவமதிப்பு, காவலர்களை விட்டு வெளியேற்றியாக வேண்டும். அதற்காக அந்த மனுஷர் எத்தனை ரகளை நடந்தாலும் நாற்காலியிலேயே இருந்து மணியை அடித்துக்கொண்டிருந்தார், கால் மரத்துப் போனால் மேசைக்கடியில் பாதத்தை ஆட்டிக்கொள்வார் என்று டி.வி. காட்டாததையும் அங்கே வேலை பார்க்கிறவர்கள் சொன்னார்கள். விடுமுறை முடிந்து சபை மறுபடி கூடியதிலிருந்து தினமும் நர்ஸம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்டார். "அந்த டாக்டர் எங்க இருக்கார்?" தினமும் அவர், "அந்தக் கேள்வி முடிஞ்சு போச்சும்மா" என்பார். "எனக்கு முடியலைங்கய்யா" என்பார் இவர். அவைக்குறிப்பு எழுதுகிறவர்கள், "உறுப்பினர் திருமதி பவளக்கொடி நின்றுகொண்டிருந்தார்" என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதி எழுதிக் கடைசியில் ரப்பர் ஸ்டாம்பே செய்துகொண்டார்கள்.

ஆளுங்கட்சிக் கொறடா கூப்பிட்டு மிரட்டினார், அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது என்றார். "சீட்டு கொடுத்தாலும் உக்கார முடியாதேண்ணே" என்றாராம் நர்ஸம்மா. எதிர்க்கட்சிக்காரர்கள் ஓடி வந்து நீங்கள் நம்ம ஆள் என்றார்கள். "மொதப் பொண்ணு செத்தது ஒங்க ஆட்சியில. சும்மா இருங்க" என்று அவர்களையும் துரத்திவிட்டார். சித்திரை பிறந்தது. செண்பகத்துக்குக் கால் வீங்க ஆரம்பித்தது.

சித்திரை மூணாம் தேதி பகல் என் கடைக்கு ஒரு போன் வந்தது. அமைச்சரின் உதவியாளர். ரொம்ப மரியாதையாகப் பேசினார். சித்திரை ஐந்தாம் தேதி சபையில் சுகாதாரத் துறை மானியக் கோரிக்கை வருகிறதாம், நாள் முழுக்க அமைச்சர் துறையைப் பற்றித்தான் பேச்சு, அன்றைக்குப் பார்த்து ஒரு அம்மா நடுச்சபையில் நின்றுகொண்டிருந்தால் நன்றாக இருக்காதாம்.

"உங்க தங்கச்சி விஷயம் ஐயா காதுக்கு வந்துச்சு. மனசு கஷ்டப்பட்டாரு. ரெண்டு நாள்ல வண்டி அனுப்பிப் பட்டணத்துக்கே கூட்டிட்டு வந்து, பெரிய ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்துக்கிடலாம். ஐயாவே டாக்டர்கிட்டப் பேசிட்டாரு. எம்.எல்.ஏ.ம்மா, 'பதில் திருப்தி'ன்னு சபையில ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

எனக்கு ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நல்லா வந்தது. போனை வைத்துவிட்டு, கடையைப் பூட்டிவிட்டு, நேரே பட்டணத்துக்குப் பஸ் ஏறினேன், சீட்டு காலியாக இருந்தது, நெடுங்கிணறு எல்லை தாண்டியதும் உட்கார்ந்தேன். என் நினைப்பெல்லாம் அந்தக் கணவாயும் பழுதாகி நிற்கிற லாரியும்தான்.

எம்.எல்.ஏ. விடுதியில் நர்ஸம்மா ஜன்னலோரம் நின்றபடி சேலை மடித்துக்கொண்டிருந்தார். கணுக்கால் இரண்டும் தூண் மாதிரி கனத்துப் போயிருந்தன. விஷயத்தைச் சொன்னேன். மடித்த சேலையையே மறுபடி மடித்தார்.

"அப்ப மத்தவங்க?" என்றார்.

"மத்தவங்களப் பத்தி எனக்கென்னக்கா? எனக்கு ஒரே தங்கச்சி. ஒங்க கேள்வியும் நியாயமும் எல்லாம் இருக்கட்டும், அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஒங்க மூஞ்சியில முழிக்க மாட்டேன்."

சொல்லிவிட்டு எனக்கே வாயை மூடிக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அவர் கோபப்படவில்லை.

"பத்தொம்பது வருஷம் நர்ஸு பாத்தவ நான். எதிர்ல நிக்கிற வயித்த விட்டுட்டு, நாளைக்கு வரப் போற வயித்தப் பத்திப் பேச எனக்கும் வராதுட்டி. சொல்லிருதேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் உக்காரணும் போல இருக்கு உலகு. ஒரு நிமிஷம் எங்கயாவது உக்காந்தாப் போதும்னு இருக்கு" என்றார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. இரண்டு பேருமாக அழுது முடித்துச் சாப்பிட்டோம்.

சித்திரை ஐந்து. பார்வையாளர் மாடத்தில் பாஸ் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். கையைக் கட்டக் கூடாது, சாயக் கூடாது, இருமினால்கூடக் காவலர் திரும்பிப் பார்க்கிறார், எழுந்தால் வெளியே. சபாநாயகர், "நெடுங்கிணறு உறுப்பினர்" என்றார். நர்ஸம்மா மைக்கை இழுத்து, யாரையும் பார்க்காமல் சொன்னார்.

"மாண்புமிகு அமைச்சர் சொன்ன பதில் எனக்குத் திருப்தி."

அடேயப்பா, என்ன தட்டு! மேசையெல்லாம் உடைந்துவிடும் போல் இருந்தது. அமைச்சர் திருமலைக்கொழுந்து கைகூப்பினார். நான் மாடத்தில் இருந்தபடியே செண்பகத்தை வண்டியில் ஏற்றிவிட்டேன், மனசுக்குள். சபாநாயகர் முகத்தில் ஒரு மாத பாரம் இறங்கியது. "ரொம்ப சந்தோஷம். உட்காருங்கம்மா" என்றார்.

நர்ஸம்மா உட்காரப் பார்த்தார். முழங்கால் மடங்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு அழுத்திப் பார்த்தார், மடங்கவில்லை. பக்கத்தில் இருந்த இரண்டு பெண் உறுப்பினர்கள் தோளைப் பிடித்து அமுக்கினார்கள், ஒருத்தர் முழங்காலுக்குப் பின்னால் கையால் தட்டினார், அந்தக் கால்கள் அசையவில்லை. தட்டுகிற சத்தம் ஒவ்வொரு வரிசையாக நின்றது. கடைசியாகத் தட்டிக்கொண்டிருந்தவரும் சுற்றிலும் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"ஐயா," என்றார் நர்ஸம்மா, "வாய் சொல்லிருச்சு. கால் ஒத்துக்கலைங்கய்யா."

அப்போது சபாநாயகர் எழுந்தார். ஒரு மாதத்துக்கப்புறம் முதல் தடவையாக, மேசையில் இரண்டு கையையும் ஊன்றி, மரத்துப்போன காலை உதறிக்கொண்டு எழுந்தார். வழக்கப்படி எல்லோரும் உட்கார்ந்தார்கள், அமைச்சர்கள் உட்கார்ந்தார்கள், கொறடா உட்கார்ந்தார், அவ்வளவு பெரிய சபையில் நின்றது இரண்டே பேர், மேலே அவர், கீழே நர்ஸம்மா. காவலர்களைக் கூப்பிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கிராம்பைத் துப்பிக் கைக்குட்டையில் மடித்து வைத்தார்.

"இந்த எடத்துல இருக்கறவன் கேள்வி கேக்குற வழக்கம் கிடையாது. இன்னைக்குக் கேக்கறேன். மாண்புமிகு அமைச்சர், டாக்டர் தங்கையா எந்த ஊர்ல வேலை பாக்கறார்?"

அதிகாரிகள் பக்கமிருந்து ஒரு துண்டுத்தாள் வேக வேகமாக வந்தது. அமைச்சர் அதை விரித்துப் பார்த்தார். வாசிக்க வாயெடுத்தவர் நர்ஸம்மாவின் காலைப் பார்த்தார். தாளை மடித்துக் கீழே வைத்தார்.

"பூவணக்கோட்டையில."

"அது யார் தொகுதி?"

"என் தொகுதிங்க."

"உத்தரவு யாரு போட்டா?"

அமைச்சர் தண்ணீர் குடித்தார். "போன்ல சொன்னது நான்தான். தப்புதான். நாளைக்குக் காலையில அவர் நெடுங்கிணறுல இருப்பார்."

"குறிப்புல ஏறட்டும்" என்று சொல்லிவிட்டுச் சபாநாயகர் உட்கார்ந்தார், அதே நொடியில் நர்ஸம்மாவும் தொப்பென்று உட்கார்ந்தார். நான் எழுந்து கத்திவிட்டேன். காவலர் என் கையைப் பிடித்து இழுத்துக் கதவுப் பக்கம் கொண்டு போனார், ஆனால் அவரும் திரும்பித் திரும்பிக் கீழேயே பார்த்ததால் கதவருகே நின்றுவிட்டோம். நர்ஸம்மா கண்ணை மூடிப் பின்னால் சாய்ந்திருந்தார். கால் இரண்டையும் நீட்டினார், மடக்கினார், நீட்டினார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். பாதி டம்ளர் குடித்திருப்பார், டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். நன்றி சொல்ல எழுகிறார் என்று எல்லோரும் மேசையைத் தட்டத் தயாரானார்கள்.

"மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, துணைக் கேள்வி. நாளைக்குத் தங்கையா எங்க ஊருக்கு வந்துட்டா, பூவணக்கோட்டைப் பொண்ணுங்களுக்கு யாரு மயக்க மருந்து கொடுப்பா?"

அமைச்சர் எழுந்தார், துண்டுத்தாள் எதுவும் வரவில்லை, அதிகாரிகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். "அரசு பரிசீலிக்கும்" என்றார்.

"உட்காருங்கம்மா" என்றார் சபாநாயகர், சொல்லிவிட்டு அவரே தலையைப் பிடித்துக்கொண்டார். எங்களுக்குத் தெரிந்துவிட்டது. நர்ஸம்மா உட்காரப் பார்க்கக்கூட இல்லை, மைக்கைச் சரி செய்துகொண்டு நின்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஏ கிறுக்கச்சி, ஒனக்கு என்ன தலையெழுத்தா, அது அவன் ஊரு, அவன் பாத்துக்கிடட்டும், உக்காந்த சூடு ஆறலையே என்று மாடத்துக் கதவிலிருந்து மனசார வைதேன். வைதுகொண்டே பஸ் ஏறி ஊர் வந்தேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டாக்டர் தங்கையா ஒரு சூட்கேஸோடு வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டார். பதினொன்றரைக்குச் செண்பகத்துக்கு வலி கண்டது. சீட்டில் போட்ட தேதிக்கு நாலு நாள் முன்னாடியே. ஆம்புலன்ஸ் தேவைப்படவில்லை, கணவாய் தேவைப்படவில்லை, ஸ்ட்ரெச்சரை முப்பது அடி தள்ளினார்கள், பெரிய விளக்கு ஆறு வருஷத்துக்கப்புறம் எரிந்தது. ஒரு மணி நேரத்தில் பெண் பிள்ளை, இரண்டே முக்கால் கிலோ. கொண்டு வந்து என் கையில் கொடுத்தார்கள். நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது, இரண்டும் செய்தேன் என்று மைதீன் பிச்சை சொன்னார்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தார். நான் கும்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க," என்றார். "பூவணக்கோட்டையில ஒருத்தி. இருபத்திரண்டு வயசு, குறுக்கே கிடக்கற குழந்தை. விடிஞ்சதும் நான் மயக்கம் கொடுத்திருக்க வேண்டியது. வலியில கெடந்தா, நான் இங்க வந்துட்டேன். உத்தரவு."

"இப்ப?"

"ஆம்புலன்ஸ்ல ஏத்தியிருப்பாங்க."

"எவ்வளவு தூரம்?"

"எழுபது."

பிள்ளையை மாரோடு சரியாக அணைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தக் கடைசிக்கும் இந்தக் கடைசிக்குமாக நடந்தேன். இரண்டு தடவை நடந்தேன். அப்புறம் டாக்டரிடம் நம்பர் வாங்கிப் பூவணக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். வெகு நேரம் அடித்து ஒரு நர்ஸுப் பொண்ணு எடுத்தது. காலையில் அனுப்பின பிள்ளைத்தாய்ச்சி போய்ச் சேர்ந்தாளா என்றேன். இன்னும் சேதி வரவில்லை என்றது. அவள் பேர் என்ன, சொல்லுங்கள், மனு எழுத வேண்டும் என்றேன்.

"பேரெல்லாம் கண்டவங்களுக்குச் சொல்லக் கூடாதும்மா. அவளுக்கு நீங்க என்ன வேணும்?"

கையில் இருந்த பிள்ளை வாயைத் திறந்து கொட்டாவி விட்டது.

"அக்கா" என்றேன்.